பாதி மருந்தை ஏன் கொட்டினார்கள்?

"தம்பி, பாட்டிலிலே பாதி மருந்து அப்படியே இருக்கு. அந்த நர்ஸ் பிள்ளை அதைக் கழற்றிக் குப்பையிலே போடுது. ஏம்மா என்று கேட்டால், நேரம் முடிஞ்சு போச்சு என்று சொல்லுது. இது அல்லாஹ்வுக்கு அடுக்குமா?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த என் லாத்தா கேட்ட கேள்வி இது. உள்ளே மச்சான் கிடந்தார். நுரையீரல் அழற்சி முற்றி, தாமாக மூச்சுவிட இயலாத நிலையில், தொண்டை வழியே குழாய் செலுத்தி வெண்டிலேட்டர் கருவியுடன் இணைத்திருந்தார்கள். விழித்திருக்கும் மனிதர் அந்தக் குழாயைப் பொறுத்துக்கொள்வது அரிது. பிடுங்கி எறியவே கை போகும். ஆதலால் அவரைத் தூங்க வைத்திருந்தனர். தூங்க வைத்த மருந்து பால்போல் வெண்மையானது. மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இரத்த நாளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

லாத்தாவின் மனத்தாங்கலை வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். விருந்தில் சஹனைச் சுற்றி அமர்ந்தால் கடைசிப் பருக்கையையும் விரலால் வழித்து உண்ணும் பழக்கத்தில் வளர்ந்தவர். வீண்விரயம் ஷைத்தானின் வழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பாட்டிலையோ மருந்துக் கடையின் வரிசையில் நின்று பணம் கட்டி வாங்கி வந்தவன் நான். எனக்கும் மனம் பொறுக்கவில்லை என்பதை மறைப்பானேன்? அன்று மாலை பணியிலிருந்த மருத்துவ அம்மையாரிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "ஹஜ்ரத், அந்த மருந்தில் கிருமி நன்றாக வளரும். திறந்து பன்னிரண்டு மணி நேரம் ஆனால், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பாட்டிலையும் குழாயையும் மாற்றிவிட வேண்டும். மிச்சத்தைப் பார்த்தால் உங்கள் மச்சானைப் பார்க்க முடியாது" என்றார்.

நான் கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்றவன். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன். மருத்துவம் என் துறையன்று. ஆயினும் அந்த ஒரு பதில் என்னை விடவில்லை. அறிந்தவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்காத குடும்பம் எங்கே இருக்கிறது?

உறை மோர் விழுந்த பால்

அந்த வெள்ளை மருந்தின் பெயர் புரோபோஃபால். அது எண்ணெய் போன்ற பொருள், நீரில் கரையாது. நீரில் கரையாததை இரத்தத்தில் செலுத்துவது எப்படி? இம்மருந்தைக் கண்டறிந்த ஜான் கிளென் என்பவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு கால்நடை மருத்துவர். 1977இல் முதன்முதலாக மனிதர்களிடம் சோதித்தபோது ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து கொடுத்தனர். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கிற்று. எனவே அதைக் கைவிட்டு, சோயா எண்ணெய், முட்டை மஞ்சள் கருவிலிருந்து பெறும் லெசித்தின், கிளிசரின் ஆகியவற்றை நீருடன் கடைந்து, அந்தக் கலவையில் மருந்தைச் சேர்த்தனர். 1986இல் பிரிட்டனிலும் 1989இல் அமெரிக்காவிலும் புழக்கத்துக்கு வந்தது இந்த வடிவமே. நூறு பங்கில் பத்துப் பங்கு எண்ணெய். ஒரு மில்லி லிட்டரில் ஒரு கலோரிக்குச் சற்று மேலான சத்து இருக்கிறது. இம்மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு உணவுக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால், அது எத்தகைய ஊட்டப் பொருள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மனிதனுக்கு ஊட்டமானது கிருமிக்கும் ஊட்டமே. காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு துளி உறை மோர் விழுந்தால் காலையில் பானை முழுவதும் தயிராகிவிடுவதை எல்லாப் பெண்களும் அறிவார்கள். நல்ல உணவும் இளஞ்சூடும் வாய்த்தால் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பெருகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 இலட்சத்தைத் தாண்டும். மருத்துவமனை அறையின் குளிர்ச்சியில் இத்தனை விரைவு இராது. ஆனால் போக்கு அதுதான்.

இது கணக்கோடு நின்றுவிடவும் இல்லை. 1990 ஜூன் முதல் 1993 பிப்ரவரி வரை அமெரிக்காவின் ஏழு மருத்துவமனைகளில், அறுவை செய்துகொண்டவர்களுக்குக் காரணம் புரியாத காய்ச்சலும், காயத்தில் சீழும், இரத்தத்தில் கிருமித் தொற்றும் கூட்டமாகத் தோன்றின. அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தினர் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டறிந்த நோயாளிகள் 62 பேர். ஏழு இடங்களுக்கும் பொதுவாக நின்றது புரோபோஃபால். ஆனால் திறக்காத பாட்டில்களைச் சோதித்தபோது அவை தூய்மையாகவே இருந்தன. ஆக, தவறு ஆலையில் நிகழவில்லை. திறந்தவர்களின் கையில் நிகழ்ந்திருக்கிறது. நாள் முழுவதற்குமான ஊசிக்குழல்களைக் காலையிலேயே நிரப்பி வைத்தல், ஒருவருக்குப் பயன்படுத்திய குழலை மீண்டும் எடுத்தல், திறக்குமுன் வாயைத் துடைக்காது விடுதல் போன்ற சிறு சிறு அலட்சியங்கள். வேறு மருந்தாயிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும் அலட்சியங்கள். இந்த ஆய்வு 1995இல் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டே, 1996இல், அமெரிக்காவில் இம்மருந்துடன் இ.டி.டி.ஏ. என்னும் பொருளை மிகச் சிறு அளவில் சேர்க்கத் தொடங்கினர். கிருமிகளுக்கு இன்றியமையாத உலோகச் சத்துகளைப் பற்றிக்கொண்டு, அவற்றின் வளர்ச்சியை அது தாமதப்படுத்தும். கொல்லாது, தாமதப்படுத்தும், அவ்வளவே. வேறு பொருள் சேர்த்த தயாரிப்புகளும், எதுவும் சேர்க்காதவையும் இன்றும் கடைகளில் உண்டு. எனவேதான் அந்தப் பன்னிரண்டு மணி நேர விதி. மருந்தை ஊசிக்குழலில் எடுத்து வைத்துவிட்டால் அதனினும் குறைந்த நேரத்தையே பல மருத்துவமனைகள் விதியாகக் கொண்டிருக்கின்றன. ஒருவருக்குத் திறந்தது ஒருவருக்கே.

இந்தக் கடைசி விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 2008இல் லாஸ் வேகாஸ் நகரம் கண்டது. குடல் உள்நோக்கிச் சோதனை செய்யும் ஓரிடத்தில், ஒருவருக்கு எடுத்த பாட்டிலில் மிஞ்சியதை அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் 'சி' பரவியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு அழைக்க நேர்ந்தது. மிச்சத்தை வீணாக்கக்கூடாது என்று அங்கு யாரோ எண்ணியதன் விலை அது.

இவற்றை லாத்தாவிடம் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தப் பிள்ளையை நான் ஏசியிருக்கக் கூடாது" என்றார்.

சோதனைக் குழாயும் இரத்தமும்

காத்திருப்போர் கூடத்தில் எங்களுக்கு அருகே ஓர் இளைஞர் அமர்ந்திருப்பார். படித்தவர், தாயாரை உள்ளே சேர்த்திருந்தார். ஒருநாள் அவர், தூக்க மருந்துகள் சிலவற்றுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று தாம் படித்ததாகவும், அப்படியானால் இவ்வளவு ஆன்டிபயாட்டிக் ஊசி எதற்கு என்றும் கேட்டார். ஒரு மருந்து கிருமியை வளர்க்கிறது என்று அப்போதுதான் கேட்டிருந்த எனக்கு இது புதிராயிருந்தது. விசாரித்தால் இரண்டும் மெய்.

இந்த மெய்க்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் இப்னு ஸீனாவை அழைத்து வந்துவிடுவார்கள். 1037இல் மறைந்த அம்மேதை தம் 'அல்கானூன்' நூலில் அபின், குரோசாணி ஓமம் முதலிய மரக்கச் செய்யும் மருந்துகளைப் பற்றி எழுதியிருப்பது உண்மையே. அதுவே அவருக்குப் போதுமான பெருமை. அவர் சொல்லாததையும் அவர்மீது ஏற்ற வேண்டுவதில்லை. உறக்க மருந்தும் கிருமிக்கொல்லியும் ஒரே குடும்பத்தில் பிறந்த கதை பிற்காலத்தது. 1891இல் பால் எர்லிக், பெர்லினில் மலேரியா நோயாளிகள் இருவருக்கு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கொடுத்துப் பயன் கண்டார். அச்சாயத்தின் மூலக்கூறு அமைப்புக்கு ஃபீனோதயசீன் என்று பெயர். அதே அமைப்பிலிருந்து 1950இல் பிரான்சு நாட்டில் குளோர்புரோமசைன் என்ற மருந்து உருவாயிற்று. அறுவைக்குச் செல்லும் நோயாளிகளை அமைதிப்படுத்த அதை முதலில் பயன்படுத்தினர். 1952 முதல் மனநோய் மருத்துவத்தையே அது மாற்றிவிட்டது. மனத்தை அடக்கும் இந்த மருந்தைக் கிருமிகள்மீது தெளித்துப் பார்த்தவர்கள், கிருமிகளும் அடங்குவதைக் கண்டனர். இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர்களுள் கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்துகளுக்கு வருவோம். மிடசோலாம், கீட்டமின், தயோபென்டால் ஆகியவற்றைச் சோதனைச்சாலையில் கிருமிகளுடன் கலந்து பார்த்தபோது சில கிருமிகளின் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றன்று. தயோபென்டால் கரைசல் கடுமையான காரத்தன்மை உடையது; சுண்ணாம்பு நீரைப் போன்றது எனலாம். மிடசோலாம் ஊசிமருந்தோ எலுமிச்சைச் சாறுபோலப் புளிப்பானது. பெரும்பாலான கிருமிகளுக்கு இரண்டுமே உகந்த இடமல்ல. கரைசலின் தன்மையன்றி மருந்தின் மூலக்கூறே சில கிருமிகளைத் தாக்குவதாகவும் ஆய்வுகள் உண்டு. எண்ணெயிலும் முட்டைக் கருவிலும் மிதக்கும் புரோபோஃபால் மட்டும் இவ்வரிசையில் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

ஆனால் அந்த இளைஞர் விட்டுவிட்டது அளவு என்னும் ஒன்றை. மிடசோலாம் குப்பியின் ஒரு மில்லி லிட்டரில் குறைந்தது ஒரு மில்லிகிராம், அதாவது பத்து இலட்சம் நானோகிராம் மருந்து இருக்கிறது. அது உடலெங்கும் பரவி மனிதரை உறங்க வைக்கும்போது, ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ நூறு, இருநூறு நானோகிராம். ஐயாயிரம் மடங்கு முதல் பத்தாயிரம் மடங்கு வரை நீர்த்துப் போய்விடுகிறது. குப்பிக்குள் கிருமியைத் தடுத்தது, நுரையீரலில் இருக்கும் கிருமிக்கு ஒரு பொருட்டே ஆகாது. கிருமி சாகுமளவுக்கு மருந்தை ஏற்றினாலோ மனிதர் முதலில் போய்விடுவார். குளோர்புரோமசைன் குடும்பத்து மருந்துகளும் இதனாலேயே இதுவரை ஆன்டிபயாட்டிக் ஆகவில்லை.

அதனால் இந்த ஆய்வுகள் வீண் என்று கருத வேண்டாம். 2018இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள், விற்பனையிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைக் குடலில் வாழும் நாற்பது வகைக் கிருமிகள்மீது சோதித்தனர். மனித உடலைக் குறிவைத்துச் செய்யப்பட்ட, கிருமிக்கென்று செய்யப்படாத மருந்துகளுள் நூற்றுக்கு 24 ஏதேனும் ஒரு கிருமியையாவது தடுத்தன. மனநோய் மருந்துகள் அவற்றில் மிகுதி. குடலில் வாழ்பவை பெரும்பாலும் நமக்கு நன்மை செய்பவை என்பதால் இது மகிழ்ச்சியான செய்தி மட்டுமன்று. ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கக் கற்ற கிருமிகள் பெரும்பாலும் இம்மருந்துகளையும் தாங்கி நின்றன என்பது அவ்வாய்வில் கவனிக்க வேண்டிய மற்றொன்று. ஒன்றைத் தாங்கப் பழகுவது மற்றதைத் தாங்கவும் வழி செய்யுமோ என்ற அச்சம் அதிலிருந்து எழுகிறது.

இளைஞரிடம், ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தும்படி மருத்துவரிடம் வாதாட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

உறக்கமே வாசலைத் திறக்கும்போது

மூன்றாம் நாள் காலை நானும் லாத்தாவும் உள்ளே சென்றபோது மச்சானின் கண்கள் திறந்திருந்தன. வாயில் குழாய். பேச முடியவில்லை. நெற்றியில் வியர்வை; கண்ணோரத்தில் நீர். இருமினார், உடல் முழுவதும் அதிர்ந்தது. லாத்தா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவரைத் தூங்க வைத்துவிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதார். நானும் அதையேதான் கேட்டேன். மருந்து தீர்ந்துவிட்டதா, பணம் கட்டத் தவறிவிட்டோமா என்றெல்லாம் ஓடியது என் மனம்.

மருந்தை வேண்டுமென்றே நிறுத்தியிருந்தார்கள்.

தூக்க மருந்துக்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பில் மிகப் பெரியது, மருந்து கிருமியை என்ன செய்கிறது என்பதன்று. மனிதரை என்ன செய்கிறது என்பதே. விழித்திருப்பவர் இருமுகிறார், எச்சிலை விழுங்குகிறார், புரண்டு படுக்கிறார். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரிடம் இவை ஒன்றும் இல்லை. வாயில் ஊறும் எச்சில், கிருமிகளையும் சுமந்துகொண்டு, குழாயைச் சுற்றித் தேங்கி நுரையீரலுக்குள் கசிகிறது. நுரையீரல் அழற்சிக்காகச் சேர்க்கப்பட்டவருக்கு மருத்துவமனையிலேயே இரண்டாவதாக ஒரு நுரையீரல் அழற்சி வருவது பெரும்பாலும் இவ்வழியாகத்தான். தலைமாட்டை முப்பது, நாற்பத்தைந்து பாகை உயர்த்தி வைப்பதும், வாயை அடிக்கடி துடைத்துவிடுவதும் இதைத் தடுக்கவே. அபின் வகை வலிநீக்கிகள் குடலின் அசைவை மந்தப்படுத்துகின்றன. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் சுறுசுறுப்பையும் குறைப்பதாகச் சோதனைச்சாலை முடிவுகள் சொல்கின்றன.

இதில் உலகம் மறக்கக்கூடாத பாடம் ஒன்றுண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், விபத்தில் பலத்த காயமுற்றுச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு எட்டோமிடேட் என்ற உறக்க மருந்தை நாள்கணக்கில் செலுத்தி வந்தனர். இரத்த அழுத்தத்தைக் குலைக்காத நல்ல மருந்து என்று பெயர் பெற்றது அது. லெடிங்ஹாம், வாட் என்னும் இரு மருத்துவர்கள் தங்கள் பிரிவில் இறப்பு ஏறுவதைக் கவனித்துக் கணக்கெடுத்தனர். மார்ஃபின் பெற்றவர்களில் நூற்றுக்கு 28 பேர் இறந்திருக்க, எட்டோமிடேட் பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேர் இறந்திருந்தனர். 1983இல் அதை வெளியிட்டனர். அம்மருந்து, அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசால் உண்டாவதைத் தடுத்துவிடுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. காயத்தையும் கிருமித் தொற்றையும் தாங்கி நிற்க உடலுக்கு வேண்டிய சுரப்பு அது. நோயாளிகள் அமைதியாகத்தான் உறங்கினார்கள். அந்த அமைதியை நம்பி இருந்துவிடாமல், தம் பிரிவின் மரணங்களைத் தாமே எண்ணி ஊரறியச் சொன்ன அவ்விருவரின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதன்பின் எட்டோமிடேட்டைத் தொடர்ந்து செலுத்தும் வழக்கம் கைவிடப்பட்டது.

அடுத்த பெரிய அடி சிகாகோவில். அங்கு 128 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2000இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் ஒருமுறை உறக்க மருந்தை நிறுத்தி, விழிப்பு வந்ததும் தேவையானால் மீண்டும் தொடங்கினர். அவர்கள் வெண்டிலேட்டரில் இருந்த காலம் நடுமதிப்பாக 4.9 நாள், மற்றவர்கள் 7.3 நாள். குழாய் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ அவ்வளவுக்குக் கிருமியின் வழி அடைபடுகிறது. மயக்கத்தை இயன்றவரை குறைவாக வைப்பதே இப்போது உலகெங்கும் விரும்பப்படும் முறை. எல்லோருக்கும் இது பொருந்தாது. தலைக்காயம் பட்டவர்கள், வலிப்பு நிற்காதவர்கள், பிராணவாயு மிகக் குறைந்துபோனவர்கள் ஆகியோரை ஆழ்ந்து உறங்க வைக்கத்தான் வேண்டியிருக்கும். அதை முடிவு செய்பவர் மருத்துவர்.

"அவர் கஷ்டப்படுவது உங்களுக்குத் தெரிகிறது. அவர் இருமுவது எனக்குத் தெரிகிறது" என்றார் மருத்துவ அம்மையார். வலிக்கு மட்டும் சிறிது மருந்து கொடுத்தார். லாத்தா மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் ஸலாம் சொன்னார். அவர் விரலை அழுத்தினார். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

வீடு திரும்பியதும் மச்சான் என்னிடம் முதலில் கேட்டது, உறங்க வைத்திருந்த நாள்களில் தவறிய தொழுகைகளைப் பற்றி. இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் சொல்கிறேன். தாமாக வரவழைத்துக்கொள்ளாத, மருத்துவத்தின் பொருட்டு நேர்ந்த மயக்கத்தில், ஒரு வேளைத் தொழுகையின் நேரம் முழுவதும் கழிந்துவிட்டால் அதைக் களாச் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் கடமையாகாது. ஹனஃபி மத்ஹபில், நோயால் தானாக வரும் மயக்கம் ஒரு பகல் ஓர் இரவைக் கடந்து நீடித்தால் கடமையில்லை. குறைவாயின் களாச் செய்ய வேண்டும். நோன்பின் சட்டம் வேறு. தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

சென்ற மாதம் லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். கண்புரை அறுவைக்குப் பின் மச்சானுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அலமாரியில் இருந்த குப்பியின்மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, மூடியைத் திறந்த தேதியை லாத்தா தம் கையால் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு குப்பி, முக்கால்வாசி மருந்துடன். அதை எடுத்துப் பார்த்தேன்.

"அதைத் தொடாதே தம்பி. திறந்து நாலு வாரம் ஆயிடுச்சு. கொட்டுறதுக்கு வைச்சிருக்கேன்" என்றார்.